பத்தாவது குண்டு

எதிரி ஒருவன் உங்கள் முன்னால் நிற்கிறான். அவனுடைய ஹெல்த், அதாவது உயிரளவு, 100 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் குண்டு ஒன்றின் டேமேஜ், அதாவது தாக்கம், 10. பத்துக் குண்டில் அவன் விழுவான். சில மணி நேரம் விளையாடி ஒரு திறன் புள்ளி சம்பாதிக்கிறீர்கள். அதைக் கொடுத்து, தாக்கத்தை 3 சதவீதம் கூட்டும் திறன் ஒன்றை வாங்குகிறீர்கள். இனி ஒரு குண்டின் தாக்கம் 10.3. ஒன்பது குண்டு சுட்டால் 92.7. எதிரி விழவில்லை. பத்தாவது குண்டும் தேவைப்படுகிறது.

இன்னும் இரண்டு புள்ளிகளை இதிலேயே போட்டாலும் தாக்கம் 10.9தான். ஒன்பது குண்டுக்கு 98.1. அப்போதும் பத்தாவது குண்டு வேண்டும். நான்காவது புள்ளியில் தாக்கம் 11.2 ஆகும்போதுதான் ஒரு குண்டு மிச்சமாகிறது. திரையில் எண் கூடிக்கொண்டே வந்தது. விளையாடுபவரின் கைக்கு அது தெரியவில்லை.

ஓப்பன் வேர்ல்டு விளையாட்டுகளில், அதாவது ஒரு பெரிய உலகத்தில் விரும்பிய திசையில் போகவிடும் விளையாட்டுகளில், ‘சண்டை சப்பென்று இருக்கிறது’ என்ற குறை அடிக்கடி எழும். அதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்கு இருக்கிறது.

போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் 2020 டிசம்பரில் வெளியிட்ட ‘சைபர்பங்க் 2077’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் உடல், அனிச்சை, தொழில்நுட்பம், அறிவு, நிதானம் என ஐந்து அடிப்படைப் பண்புகள். அவற்றின் கீழே கிளைகிளையாகத் திறன்கள். இந்த அமைப்புக்கு ஸ்கில் ட்ரீ, அதாவது திறன் மரம் என்று பெயர். அந்த மரத்தில் இருந்த திறன்களில் பல, எதையாவது சில சதவீதம் கூட்டின அல்லது குறைத்தன.

திறன்கள் இரண்டு வகை. ஒன்று எண்ணை மாற்றுவது. மற்றது செயலைத் தருவது. ‘தாக்கம் கூடும்’ என்பது முதல் வகை. ‘அந்தரத்தில் பாயலாம்’ என்பது இரண்டாம் வகை. செயல் கிடைத்தால் மட்டும் போதாது. அதற்கு இடமும் வேண்டும். ‘தண்ணீருக்குள் இருக்கும்போது எதிரியால் உங்களைக் கண்டுபிடிக்க முடியாது’ என்று ஒரு திறன் 2020 பதிப்பில் இருந்தது. ஆனால் அந்த விளையாட்டின் சண்டைகள் பெரும்பாலும் தெருவிலும் கட்டடத்துக்குள்ளும்தான் நடந்தன.

எண் வகையே அதிகம் இருப்பதற்குக் காரணம் உண்டு. ஓர் எண்ணை மாற்றுவது எளிது. புதிய அசைவு ஒன்றைச் சேர்த்தால் அதற்கான உடலசைவை வரைய வேண்டும், ஒலி சேர்க்க வேண்டும், எதிரி அதற்கு எப்படி எதிர்வினை காட்டுவான் என்று தீர்மானிக்க வேண்டும். பிறகு விளையாட்டு உலகத்தின் ஒவ்வொரு மூலையிலும் அது ஒழுங்காக நடக்கிறதா என்று சோதிக்க வேண்டும்.

திறந்த உலகம் இன்னொரு சிக்கலையும் கொண்டுவருகிறது. விளையாடுபவர் எந்த லெவலில் எந்த இடத்துக்கு வருவார் என்று படைத்தவர்களுக்குத் தெரியாது. ஒரு வழி, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு லெவலை நிலையாக வைப்பது. சீக்கிரம் வந்தால் எதிரி எத்தனை குண்டு பட்டாலும் விழமாட்டான். தாமதமாக வந்தால் தொட்டதும் விழுவான். மறுவழி லெவல் ஸ்கேலிங்: நாம் வளர வளர எதிரியும் வளர்வான். நம் கணக்கில் சொன்னால், தாக்கம் 11.2 ஆகும்போது எதிரியின் உயிரளவும் 112 ஆகிவிடுகிறது. மறுபடியும் பத்துக் குண்டு. 2006இல் பெதஸ்டா வெளியிட்ட ‘ஆப்லிவியன்’ இதற்காகத் திட்டு வாங்கியது. லெவல் ஏறிய பிறகு அதில் சாதாரண வழிப்பறிக்காரர்கள்கூட விலையுயர்ந்த கண்ணாடிக் கவசம் அணிந்து வந்தார்கள்.

சைபர்பங்க் 2023 செப்டம்பரில் 2.0 என்ற பதிப்பில் திறன் மரத்தைப் புதிதாக அமைத்தது. அந்தரத்தில் பாய்வதும், வரும் குண்டை வாளால் திருப்பிவிடுவதும் திறன்களாயின. முன்பு, அடி தாங்கும் அளவைக் காட்டும் பாதுகாப்பு எண் உடைகளில் இருந்தது. அதிக எண்ணுக்காகத் தொடக்க காலத்தில் பொருந்தாத தொப்பியையும் சட்டையையும் மாட்டிக்கொண்டு திரிய வேண்டியிருந்தது. 2.0இல் அந்த எண், உடலில் பொருத்தும் கருவிகளுக்குப் போனது; உடை அவரவர் விருப்பமானது.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எதிரிகள் நம்மோடு சேர்ந்து வளரும் ஏற்பாட்டையும் இதே 2.0தான் கொண்டுவந்தது. ஆப்லிவியனில் திட்டு வாங்கிய அதே முறை. ஆனாலும் இந்தப் பதிப்பு பொதுவாக நல்ல வரவேற்பைப் பெற்றது. எதிரி கூடவே வளர்ந்தாலும், முதல் நாள் செய்ய முடியாத ஒன்றை விளையாடுபவரால் இப்போது செய்ய முடிந்தது.

எண்கள் வீண் என்று இதற்குப் பொருளல்ல. கணக்குப் போட்டுப் பாத்திரத்தை வடிவமைப்பதில் இன்பம் காண்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். நிதானமாக யோசித்து ஆடும் விளையாட்டுகளில் 3 சதவீதத்துக்கும் மதிப்பு உண்டு. நொடிக்கு நொடி கை ஓட வேண்டிய சண்டையில் மட்டும், வளர்ச்சி கைக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. அடுத்த முறை ஒரு திறனை வாங்கும்போது, அதனால் அந்தப் பத்தாவது குண்டு மிச்சமாகுமா, இல்லையென்றால் புதிதாக என்ன செய்யலாம் என்று பார்த்தால் பெரும்பாலும் போதும்.