பனிக்கட்டி நீரில் ஒரு கை

நிகழ்ச்சி முடிந்து ஹெட்போனைக் கழற்றும் நேரத்தில் ஒரு நேயர் அழைத்தார்.

"தங்கச்சி, அம்மாவுக்குப் புற்றுநோய். ராத்திரியெல்லாம் வலியில முனகுறாங்க. டாக்டர் மார்ஃபின் கொடுத்திருக்காரு. போதை மருந்தாச்சே, கொடுக்கப் பயமா இருக்கு. கெத்தும் இலையைக் காய்ச்சிக் கொடுக்கவா? அது நம்ம ஊரு இலைதானே?"

நான் டாக்டர் இல்லை. தெரிந்த டாக்டர் ஒருவரிடம் கேட்டேன். கொஞ்சம் படித்தும் பார்த்தேன்.

உடம்பில் அடிபட்ட இடத்து நரம்பு முனைகள் செய்தியை முதுகுத்தண்டுக்கு அனுப்புகின்றன. அது மூளைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் 'வலிக்கிறது' என்று உணர்கிறோம். இந்த வழி நெடுக, பூட்டுகள் போன்ற ஏற்பிகள் உள்ளன. நம் உடம்பே சுரக்கும் எண்டார்ஃபின்தான் அவற்றுக்குச் சாவி. மார்ஃபினும் அதே பூட்டில் பொருந்தி, வலிச் செய்தியை அடக்குகிறது. நோய் அப்படியே இருக்கும், வலி குறையும்.

கெத்தும் இலையிலுள்ள மித்ராகைனினும் அதே பூட்டைத்தான் தொடுகிறது. இங்கே பினாங்கில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் விக்னசிங்கமும் அவர் குழுவினரும் இதைச் சோதித்து 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். கெத்தும் குடித்துப் பழகிய 26 ஆண்கள் கடுங்குளிர் நீரில் கையை வைத்தார்கள். குடிப்பதற்கு முன் சராசரியாக 11 வினாடி தாங்கியவர்கள், குடித்து ஒரு மணி நேரம் கழித்து ஏறத்தாழ 25 வினாடி தாங்கினார்கள்.

அப்படியானால் இலையே போதுமா? போதாது. அது குளிர்ந்த நீரில் வைத்த கை. புற்றுநோய் வலி அல்ல. காய்ச்சிய நீரில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று வீட்டில் யாராலும் அளக்க முடியாது. தொடர்ந்து குடித்தால் அதற்கும் உடம்பு அடிமையாகும். 1952 நச்சுப்பொருள் சட்டத்திலும் அது வருகிறது.

மார்ஃபினை மில்லிகிராம் கணக்கில், குறைவாகத் தொடங்கி, வலியைப் பார்த்துக் கூட்டுவார்கள். அளவு மீறினால் மூச்சு மந்தமாகும். அதனால்தான் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. உடம்பு பழகிவிடும் என்பதால் சட்டென்று நிறுத்தவும் கூடாது. ஆனால் டாக்டர் சொன்ன அளவில், வலிக்காக எடுக்கும் புற்றுநோயாளி போதைப் பித்தராக மாறிவிடுவார் என்ற பயத்தில் மருந்தை அலமாரியில் பூட்டி வைப்பது, அம்மாவுக்கு நாம் கொடுக்கும் தண்டனை.

இதையெல்லாம் அந்த அண்ணனிடம் சொல்லி, மறுபடியும் டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். போன வாரம் அழைத்தார். மார்ஃபினோடு மலச்சிக்கலுக்கும் மருந்து தந்திருக்கிறார்களாம். அம்மா இப்போது இரவில் தூங்குகிறாராம்.