பூந்தொட்டியை எந்தப் பக்கம் வைப்பது?

கோடை விடுமுறையில் வீட்டுத் தோட்டத்தைச் சீர்படுத்தும் மாணவர்கள் முதலில் தொட்டிகளை அழகாக வரிசைப்படுத்துகிறார்கள். சிவப்பை அடுத்து வெள்ளை, உயரமான செடிக்கு முன்னால் குட்டைச் செடி. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆயினும், கோடைத் தோட்டத்தைச் சூரியனைக் கேட்டே அமைக்க வேண்டும் என்பது என் கருத்து.

வெயில் விரும்பும் செடிகளைத் தெற்குச் சுவரோரம் வைக்கும்படி ஆங்கிலேயரின் தோட்ட நூல்கள் கூறும். லண்டனுக்கு அது சரி. அங்கே ஆண்டு முழுவதும் நண்பகற் சூரியன் தெற்கேதான் நிற்கும். செங்கற்பட்டுக் கடற்கரையிலுள்ள கோவளமோ ஏறத்தாழ 12.8 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. இங்கே ஏப்ரல் 24-ஐ ஒட்டிச் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அன்று நண்பகலில், நேராக நட்ட குச்சிக்கு நிழலே விழாது. அதன்பின் ஆகஸ்டு 18 வரை சூரியன் நமக்கு வடக்கே! அந்த நாட்களில் காலையிலும் சரி, மாலையிலும் சரி, தெற்குச் சுவரின் வெளிப்புறத்தில் நேர்வெயில் படுவதில்லை.

10 அடி உயரச் சுவர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 22 நண்பகலில் அதன் நிழல் வடக்கே ஏழு அடிக்கு மேல் நீளும். ஜூன் 21-இலோ, தெற்கே இரண்டடிதான். மார்கழியில் ஈரம் காயாத வடபுறம், வைகாசியில் வற்றல் காயவைக்கும் இடமாகிவிடுகிறது. தொட்டிகள் மட்டும் ஏன் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும்?

டேபிள் ரோஸ் என்று அழைக்கப்படும் பத்துமணிப் பூ, வெயில் பட்டால்தான் நன்கு விரியும். அதை வடக்கே கொண்டுபோங்கள். நீர்ச்சத்து மிகுந்த தண்டுள்ள காசித்தும்பை நண்பகலில் துவண்டுவிடும். அதற்குத் தெற்குச் சுவரோரம். கிழக்குப் பக்கத்தைக் கடற்காற்று ஆள்கிறது. அது கொண்டுவரும் உப்புத் துளிகளால் மெல்லிய இலைகளின் ஓரம் கருகும். தண்ணீர் போதவில்லை என்றெண்ணிக் குடம் குடமாக ஊற்றுவோர் உண்டு. அங்கே காகிதப்பூவும் நித்தியகல்யாணியும் தாங்கும். அரளியும் தாங்கும், ஆனால் அது நச்சுச்செடி, சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம்.

தண்ணீரைப் பற்றி இங்கே கவலைப்படக் காரணம் இருக்கிறது. கடலோர மணலில் நன்னீர், தன்னைவிட அடர்த்தியான உப்புநீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும். மேலே ஓரடி குறைந்து அப்படியே நீடித்தால், கீழிருந்து உப்புநீர் நாளடைவில் 40 அடி ஏறிவரக்கூடும். கிணறு ஒருமுறை உப்பாகிவிட்டால் எளிதில் மீளாது. அடுத்த வீட்டுக் கிணற்றுக்கும் அதே கதிதான். தெற்கே நெம்மேலியில் 2013 முதல் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள். அத்தனை மின்சாரம் செலவிட்டுப் பெறும் நீரை மண் தானே வைத்திருக்கிறது. பூச்செடிக்காக மோட்டாரை நெடுநேரம் ஓடவிடுவதை நான் ஏற்கமாட்டேன். உரிய இடத்துக்கு மாறிய தொட்டிக்குக் காலையில் ஒரு சொம்பு நீரை வேரில் ஊற்றினால் போதும்.

இடத்தை மாற்றுமுன் முற்றத்தில் ஒரு குச்சியை நடுங்கள். சனிக்கிழமைதோறும் பகல் 12 மணி 10 நிமிடத்துக்கு நிழலின் நுனியில் ஒரு கூழாங்கல் வையுங்கள். கன்னியாகுமரி மாணவர்கள் சற்று முந்திக்கொள்ள வேண்டும். அங்கே ஏப்ரல் 11-ஐ ஒட்டியே நிழல் மறைந்துவிடும்.