ஒன்றுக்கு அடுத்தது பத்தா?

நெய்வேலி நகரியத்துக்குப் போயிருக்கிறீர்களா, நேயர்களே? அங்கே விலாசம் சொல்வது சுலபம். "ஒன்பதாம் வட்டம்", "இருபத்தோராம் வட்டம்" என்று எண்ணைச் சொன்னால் பாதி வழி வந்துவிடும். இந்த எண்களை வரிசையாக எழுதுவது பிரமாதமான காரியமா? முதல் வகுப்புக் குழந்தை செய்துவிடுமே என்பீர்கள்.

கம்ப்யூட்டரிடம் கொடுத்துப் பாருங்கள்! வலைத்தளங்களை ஆட்டிவைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் பாஷையில் 'சார்ட்' என்று ஒரு கட்டளை உண்டு. 1, 2, 9, 10, 21, 30 என்று நீட்டினால், 1, 10, 2, 21, 30, 9 என்று அடுக்கிக் கொஞ்சமும் கூச்சமில்லாமல் திருப்பித் தருகிறது. பாவம், ஒன்பதாம் வட்டத்துக்காரர் கடைசியில் போய் நிற்கிறார்.

யந்திரத்துக்குப் பித்துப் பிடித்துவிடவில்லை. வேறு உத்தரவு இல்லாவிட்டால் அது எண்ணையும் எழுத்தாகவே பாவிக்கிறது. 10-ன் முதல் எழுத்து 1 அல்லவா? ஆகவே அது 2-க்கு முன்னால்! 1995-ல் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாளில் இந்தப் பாஷையின் முதல் உருவை எழுதினார் என்பார்கள். அவசரத்தின் மேல் பழி போடவேண்டாம். வரப்போவது எண்ணா பெயரா என்று கட்டளைக்கு எப்படித் தெரியும்? "முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழி, விடை பூஜ்யத்துக்குக் கீழே போனால் முதலாவது முன்னே நிற்கட்டும்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் ஒழுங்காகிவிடும்.

பெயர்கள் விஷயத்தில்தான் சங்கடம். தமிழில் கமலாவுக்குப் பிறகே கனகா வரவேண்டும். றகர னகரங்கள் நம் நெடுங்கணக்கில் கடைசி. யந்திரத்தின் எழுத்து அட்டவணையிலோ ன-வுக்குப் பிறகுதான் ப, ம எல்லாம். புள்ளியும் அங்கே கடைசியில் கிடக்கிறது. ஆகவே அகராதிப்படி முன்னே நிற்கவேண்டிய கண்ணன், கணபதிக்குப் பின்னே தள்ளப்படுகிறார்.

தள்ளினால் என்ன என்று கேட்காதீர்கள். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்களின் பட்டியல் அது என்று வைத்துக்கொள்ளுங்கள். அகராதி வரிசையை நம்பித் தேடுகிற குமாஸ்தா, இருக்கவேண்டிய இடத்தில் கண்ணனைக் காணாமல், "பெயர் இல்லை, போய்வாருங்கள்" என்று சொல்லிவிடுவார். பெயரோ நாலு பக்கம் தள்ளிச் சௌக்கியமாக உட்கார்ந்திருக்கும்! இதற்கென்றே 'இன்ட்டல் கொலேட்டர்' என்று ஒரு துணைவன் அந்தப் பாஷையில் இருக்கிறான். தமிழ் என்று சொல்லி ஒப்பிடும் பொறுப்பை அவனிடம் விட்டால், கண்ணனுக்கு உரிய இடம் கிடைத்துவிடும்.

கட்டளையை நம்பாமல் நீங்களே எழுதிப் பழக ஆசையா? சீட்டாடுகிறவர் கையைக் கவனியுங்கள். புதுச் சீட்டை வலக் கோடியிலிருந்து ஒப்பிட்டு, பெரியவற்றை நகர்த்தி, இடம் கண்டதும் செருகுகிறார். அதையே ஏழெட்டு வரியில் எழுதிவிடலாம். முப்பது எண்ணுக்குத் தாராளம். முப்பதாயிரம் பெயர் தலைகீழாக வந்தாலோ, 45 கோடி ஒப்பீடு! பாதி பாதியாகப் பிரித்து அடுக்கிச் சேர்த்தால் ஐந்து லட்சத்துக்குள் முடியும்.

நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரி முதலில் வெளிப்பட்ட அதே 1961-ல், டோனி ஹோர் தமது 'குவிக்சார்ட்' முறையை அச்சிட்டார். பெயருக்கேற்ற வேகம். 2018 வரை குரோம் உலாவி பத்துக்கு மேற்பட்ட பட்டியலுக்கு இதைத்தான் கையாண்டது. ஆனால் சம அந்தஸ்துள்ளவர்களை இது இடம் மாற்றிவிடும். பெயர்வாரியாக அடுக்கியதை மறுபடி வட்டவாரியாக அடுக்கினால், ஒரே வட்டத்துக்காரர்களின் பெயர் வரிசை குலைந்துபோகும். 2019-ல்தான், சமமானவர்களின் பழைய வரிசை கலையக்கூடாது என்று அந்தப் பாஷையின் சட்டத்திலேயே எழுதினார்கள்.

ஆகவே இப்போது தைரியமாக இரண்டு தடவை அடுக்கலாம். முதலில் பெயர், அப்புறம் வட்டம். மாற்றிச் செய்தீர்களானால் வட்டங்கள் ஊரெல்லாம் சிதறிக் கிடக்கும்!