கிணறு உவராவது எவ்வாறு?



லாசாலில் வாழும் எமக்கருகே சென் லோறன்ஸ் நதி பெருகியோடுகின்றது. குழாயைத் திறக்கையில் நீர் வற்றுமோ என்ற எண்ணம் எழுவதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரிமழை சுண்ணக்கற் பாறைக்குள் இறங்கி, உவர்நீரின் மேல் ஒரு வில்லைபோல் மிதக்கின்றது. அதுவே எமது கிணற்று நன்னீர். கடல் மட்டத்துக்கு மேலுள்ள அந்நீர் ஓரடி தாழ்ந்தால், கீழிருந்து உவர்நீர் ஏறத்தாழ 40 அடி மேலெழும் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு.

துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. உடல் ஓய்ந்ததும் இறைப்பு நின்றது. நீர் மீண்டும் ஊறியது. பின்னர் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலைக்குப் போயின. வருமானம் பெருக இயந்திரங்கள் பெருகின. இயந்திரங்கள் பெருகத் தோட்டங்கள் விரிந்தன. வருமானம் மேலும் பெருகியது. பல இடங்களில் கிணறுகள் உவரேறின. தோட்டக்காரர் எவரும் தீங்கு நினைத்தவரல்லர். தாம் இறைக்காது விட்டால் அயலவர் இறைப்பார் என்ற நிலையில், அவரவர் செய்தது அவரவருக்கு நியாயமே.

1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. நிறுவனத்திலே பேராசிரியர் ஜே பொரெஸ்ரர் வகுத்த ஆய்வுமுறை இத்தகைய சிக்கல்களுக்கே உரியது. விளைவு திரும்பி வந்து காரணத்தை வளர்க்கின்றதா, அடக்குகின்றதா என்று அது வினவுகின்றது. துலா அடக்கும் வட்டம். இயந்திரம் வளர்க்கும் வட்டம். எமது வீட்டுச் சுவரிலுள்ள தேர்மோஸ்ராற்றும் அடக்கும் வட்டமே. அறை சூடேறியதும் அது சூட்டை நிறுத்திவிடுகின்றது.

இனி எமது குடும்பங்களை நோக்குவோம். மொழி தெரியாமையால் குறைந்த கூலி. கூலி போதாமையால் இரண்டாவது வேலை. அவ்வேலையால் மொழி கற்க நேரமின்மை. 1977ஆம் ஆண்டின் 101ஆம் சட்டத்தால் பிரெஞ்சுப் பாடசாலைக்குச் செல்லும் பிள்ளை, கடிதம் வாசிக்கவும் வைத்தியரிடம் பேசவும் பெற்றோரின் வாயாகின்றது. பிள்ளை பேசப் பேசப் பெற்றோர் பேசுவது குறைகின்றது. பெற்றோர் பேசாதிருக்கப் பிள்ளையின் சுமை கூடுகின்றது. இங்கே தந்தையைச் சோம்பேறி என்பதும் பிள்ளையை அடங்காதவன் என்பதும் பயனற்றவை. பிழை ஆளில் இல்லை, வட்டத்தில் உள்ளது.

வாரத்தில் இரு மாலைகளை மொழி வகுப்புக்கு ஒதுக்கினால் முதலில் வருமானம் குறையும். பலன் பிந்தியே வரும். மழைநீரைக் குளங்களில் தேக்கி நிலத்துள் இறக்கினாலும் உவர்க்கிணறு ஒரே மாரியில் நன்னீராவதில்லை. இத்தாமதத்தை அறியாதவரே பாதிவழியில் கைவிடுகின்றனர். ஆகவே ஒரு குடும்பம் தனித்து இவ்வட்டத்தை அறுப்பது கடினம். வகுப்புக்குச் செல்பவரின் பிள்ளைகளை அம்மாலைகளில் அயல்வீட்டார் பார்த்துக்கொள்ளலாம். அடுத்த பருவத்தில் முறை மாறலாம். கிணறுகளை உவராக்கியவர் ஒருவரல்லர். இவ்வட்டத்தை அறுப்பதற்கும் ஒருவர் போதாது.