சீட் கிடைச்சாச்சு, முதல் செமஸ்டர் என்னாச்சு?

1/ இன்ஜினியரிங் கவுன்சிலிங் ஆரம்பிச்சா குளத்தூர் பக்கம் எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்குறாங்க: "டாக்டர், எந்த காலேஜ் நல்ல காலேஜ்?" நான் இன்ஜினியர் இல்ல. ஆனா சேர்ந்த பிள்ளைங்க டிசம்பர்ல என்கிட்டதான் வர்றாங்க. அதனால சொல்ல எனக்கும் கொஞ்சம் இருக்கு.

2/ தலைவலி, நெஞ்செரிச்சல், தூக்கமின்மை. மருந்து எழுதுறதுக்கு முன்னாடி, "நேத்து என்னென்ன பண்ணின?"ன்னு கேப்பேன். காலை 5 மணிக்கு எந்திரிச்சு 6.15-க்கு காலேஜ் பஸ். வீடு வந்து சேர ராத்திரி 7. அப்புறம் ரெக்கார்டு, அசைன்மென்ட், மறுநாள் டெஸ்ட். படுக்க 12.30. கணக்குப் போட்டுப் பாருங்க, தூக்கம் நாலரை மணி நேரம்.

3/ 18 வயசுக்கு 7 முதல் 9 மணி நேரத் தூக்கம் வேணும். பகல்ல படிச்சது மூளையில பதியறதுக்கே தூக்கம் தேவை. "ராத்திரி பூரா முழிச்சிப் படிக்கான் சார், ஆனா அரியர் வைக்கான்"னு ஒரு அம்மா சொன்னாங்க. "ஆனா" இல்லம்மா, "அதனால"தான்.

4/ அடுத்தது மொழி. 12-ம் வகுப்பு வரைக்கும் தமிழ் மீடியம். திடீர்னு கணக்கு, இயற்பியல், வரைபடம், புரோகிராமிங் எல்லாம் இங்கிலீஷ்ல. பாடம் ஒரு சுமை, அதை மனசுக்குள்ள மொழிபெயர்க்கிறது இன்னொரு சுமை. பக்கத்து பெஞ்சுப் பையன் சுமக்குறது ஒண்ணு, இவன் சுமக்குறது ரெண்டு. இதுக்குப் பேரு சோம்பேறித்தனமா?

5/ இங்கதான் எனக்குக் கோபம் வருது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில படிச்ச பிள்ளைகளுக்குத் தொழிற்படிப்புல 7.5% இட ஒதுக்கீடு 2021-ல வந்துச்சு. ஒரு அரியர் விழுந்த உடனே, "கோட்டாவுல வந்தா இப்படித்தான்"னு பேசுறவங்க இருக்காங்க. தமிழ்நாட்டுல நுழைவுத் தேர்வை எடுத்தப்பவும் இதே மாதிரிதான் பேசினாங்க. அரியருக்குக் காரணம் தேடுறீங்களா? அந்தப் பிள்ளையோட 24 மணி நேரத்தைப் பாருங்க.

6/ சரி, காலேஜை எப்படித் தேர்ந்தெடுக்க? பிளேஸ்மென்ட் பேனரைப் பாக்காதீங்க. அது நாலாவது வருஷத்துக் கதை. நம்ம பிள்ளைங்க தடுமாறுறது முதல் ஆறு மாசத்துல. அதனால இந்த நாலு கேள்வியைக் கேளுங்க.

7/ ஒண்ணு: முதல் செமஸ்டர்ல எல்லாப் பாடமும் பாஸ் பண்ணினவங்க எத்தனை பேர்? இணைப்புக் கல்லூரிகளோட தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுது. தன்னாட்சிக் கல்லூரின்னா தேர்வை அவங்களே நடத்துறாங்க. அங்க ரெண்டாம் வருஷம் படிக்கிற பிள்ளைங்ககிட்ட நேரா கேளுங்க.

8/ ரெண்டு: நீங்க கேக்குற பிரிவுக்கு என்பிஏ அங்கீகாரம் இருக்கா? அது பாடப்பிரிவுக்குத் தர்றது, மொத்த காலேஜுக்கு இல்ல. மூணு: தமிழ் மீடியம் பிள்ளைகளுக்குத் தனியா வகுப்பு எடுக்குறாங்களா, இல்ல அபராதம் மட்டும்தான் போடுறாங்களா?

9/ நாலு: பஸ்ல எத்தனை மணி நேரம்? தூரம்னா ஹாஸ்டல். 7.5%-ல சேர்ந்தவங்களுக்குக் கல்விக் கட்டணத்தோட விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏத்துக்குது. "பொட்டப்பிள்ளைக்கு ஹாஸ்டல் எதுக்கு?"ன்னு சொல்ற அப்பாக்களே, அவ பஸ்ல மூணு மணி நேரம் போய் வந்து, பாத்திரமும் கழுவிட்டு, எப்பப் படிப்பா?

10/ வெளியூர்தான் உசத்தின்னும் இல்ல. திருநெல்வேலியில அரசு பொறியியல் கல்லூரி 1981-லயே வந்தாச்சு. கோவில்பட்டியில 1984 முதல் ஒரு காலேஜ் இருக்கு. பக்கத்துல இருக்கிறதையும் அதே நாலு கேள்வி கேட்டுட்டு லிஸ்ட்ல சேருங்க. லிஸ்ட்டை நீங்களே போடுங்க. பாஸ்வேர்டையும் ஓடிபியையும் புரோக்கர் கையில குடுக்காதீங்க. அவருக்குக் கமிஷன், உங்களுக்கு நாலு வருஷம்.

11/ சேர்ந்துட்ட தம்பி தங்கச்சிகளுக்கு: ஒரு அரியர் விழுந்தா உலகம் முடிஞ்சிடாது, ஆனா தள்ளிப் போடாதீங்க, அடுத்த தேர்வுலயே எழுதுங்க. புரியலைன்னா சார்கிட்ட தமிழ்லயே கேளுங்க, வெக்கமில்ல. சாயங்காலம் 6 மணிக்குக் குடிச்ச காபியோட கஃபீன்ல பாதி ராத்திரி 11 மணிக்கும் உடம்புல இருக்கும். எனர்ஜி டிரிங்கும் அப்படித்தான். காலைச் சாப்பாட்டை விடாதீங்க.

12/ பெத்தவங்களுக்கு: பிள்ளை எப்பவும் சோர்ந்து கிடந்தா திட்டுறதுக்கு முன்னாடி ரத்தத்துல ஹீமோகுளோபினும் கண்ணும் பாருங்க. ரத்தசோகையும் கண்ணாடி போடாத கண்ணும் சோம்பேறித்தனம் மாதிரியே தெரியும். பேச்சைக் குறைச்சு, சாப்பாட்டை விட்டு, "இருந்து என்ன"ன்னு சொன்னா, அது நடிப்பு இல்ல. அன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டு வாங்க. 14416, டெலி மானஸ், எந்த நேரமும் இலவசமா பேசலாம்.

13/ கல்லூரி நிர்வாகங்களுக்கு ஒண்ணே ஒண்ணு: ஸ்பெஷல் கிளாஸ், வாராந்திர டெஸ்ட், சனிக்கிழமை வகுப்புன்னு நேரத்தை அடைச்சு வச்சா தேர்ச்சி கூடாது, என் கிளினிக்ல கூட்டம்தான் கூடும். எனக்கு அந்த வருமானம் வேண்டாம்.

14/ உங்க தெருவுல இந்த வருஷம் காலேஜ் லிஸ்ட் போடுற வீடு இருந்தா, லாக் பண்றதுக்கு முன்னாடி இதை அனுப்புங்க.