பத்து கோல் வாங்கியவர்கள்

2025 ஜூன் 15ந் தேதி அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில், உச்சி வெய்யிலில் பகல் 12 மணிக்கு ஒரு கால்பந்து ஆட்டம் நடந்தது. ஒரு பக்கம் ஜெர்மனியின் பயர்ன் மூனிச். ஆறு முறை ஐரோப்பியச் சாம்பியன். மறு பக்கம் நியூஜிலாந்தின் ஆக்லாந்து சிட்டி. பதின்மூன்று முறை ஓஷியானியாவின் சாம்பியன். பயர்ன் பத்து கோல் போட்டது. ஆக்லாந்து ஒன்றும் போடவில்லை.

இந்தக் குழுவை உலகப் போட்டியில் யார் சேர்த்தது என்று கேலி பேசியவர்கள் உண்டு. நாம் கேட்பது வேறு. பத்து கோல் வாங்கிய அந்த மனிதர்கள் யார்?

கிடங்கில் வேலை செய்பவர், முடி திருத்துபவர், ஆசிரியர் வேலைக்குப் பயிற்சி பெறுபவர், மாணவர். இவர்கள்தான் ஆக்லாந்தின் சாம்பியன்கள். பகலெல்லாம் வேலை; வேலை முடிந்த பிறகே பந்து. ஆட்டக்காரருக்கு வாரம் 150 நியூஜிலாந்து டாலருக்கு மேல் கொடுக்கக் கூடாதென்பது அப்போது அங்கிருந்த விதி. அமெரிக்கா போவதற்கு ஆண்டு லீவைச் செலவழித்தார்கள். லீவு போதாதவர்கள் சம்பளத்தை இழந்து போனார்கள். தங்கை கலியாணத்துக்கு நாலு நாள் லீவு கேட்டு மேஸ்திரி முன் நின்ற மில் தொழிலாளிக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போச்சு என்பது வயலில் நிற்கிறவருக்கும் தெரியும்.

எதிரே நின்றவர்களுக்கோ ஆட்டமே தொழில். அதற்கென்றே உணவு, மருத்துவர், ஓய்வு. இருவரையும் ஒரே மைதானத்தில் நிறுத்திவிட்டு இது சமமான போட்டி என்கிறார்கள்!

பணத்தையாவது சமமாகப் பிரித்தார்களா? 32 குழுக்கள் ஆடிய இந்தப் போட்டிக்குப் பரிசுத் தொகை 100 கோடி டாலர். ஐரோப்பியக் குழு வந்து நின்றாலே குறைந்தது 1 கோடியே 28 லட்சம் டாலர். பெரிய குழுவானால் 3 கோடியே 81 லட்சம் வரை. ஓஷியானியாவின் சாம்பியனுக்கு 35 லட்சத்து 80 ஆயிரம். ஆட்டம் தொடங்குமுன்பே கண்டத்துக்கொரு கூலி நிர்ணயம் செய்துவிட்டார்கள்.

அடுத்து போர்ச்சுகலின் பென்பிகாவிடம் ஆறு கோல் வாங்கினார்கள். பிறகு ஜூன் 24ந் தேதி நாஷ்வில் நகரில், அர்ஜெண்டினாவின் போகா ஜூனியர்ஸை எதிர்த்து நின்றார்கள். போகா, 1905ல் புவெனஸ் அயர்ஸ் துறைமுகப் பேட்டையில், இத்தாலியிலிருந்து பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள் தொடங்கிய குழு. ஆறு முறை தென் அமெரிக்கச் சாம்பியன். உழைப்பாளிகளின் குழுவாகப் பிறந்து, இன்று பெரும் பணம் புரளும் குழு.

முதல் கோல் ஆக்லாந்து கோல்கீப்பரின் உடம்பில் பட்டே உள்ளே போயிற்று. பதினாறு கோல் வாங்கி வந்தவர்கள் அத்துடன் உடைந்து போவார்கள் என்றே யாரும் நினைத்திருப்பார்கள். 52வது நிமிஷத்தில் கார்னர் கிடைத்தது. ஆசிரியர் பயிற்சி பெறும் கிறிஸ்டியன் கிரே உயர எழும்பித் தலையால் முட்டினார். கோல்! பிறகு இடி மின்னலால் ஆட்டம் வெகுநேரம் நின்றது. மீண்டும் தொடங்கி, போகா எவ்வளவோ மோதியும், ஒன்றுக்கொன்று என்றே முடிந்தது. போகா ஊருக்கு மூட்டை கட்டிற்று.

சமநிலை ஆட்டத்துக்குப் பரிசு 10 லட்சம் டாலர். அதைச் சம்பாதித்தது அந்த லீவு போட்ட மனிதர்கள். வாரம் 150 என்ற விதியைக் காட்டி அவர்கள் கையைக் கட்டுவது நியாயமல்ல. இழந்த சம்பளம் முதலில் அவர்களுக்குத் திரும்ப வேண்டும். பரிசில் பங்கு அதற்கும் மேலே. ஏழை நாட்டுக் குழுக்களும் சிறு கண்டத்துக் குழுக்களும் வந்தால்தான் இதற்கு உலகப் போட்டி என்று பெயர். அப்படியானால் 2029ல் அடுத்த போட்டி நடக்கும்போது, வந்து நிற்பதற்கான தொகை எல்லாக் கண்டத்துக்கும் ஒன்றாகவே இருக்கட்டும்.