கடைக்கு வழி தெரியும், கூட்டத்துக்கு?

டாஸ்மாக் கடைக்கு வழி கேட்டால் யாரும் சொல்வார்கள். குடியை விட்டவர்கள் கூடும் இடத்தைக் கேட்டால் விழிப்பார்கள். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரு குடிநோயாளிகள் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழகத்திலும் நடக்கின்றன. கட்டணம் இல்லை; முழுப்பெயர் தேவையில்லை; பேசப் பிடிக்காவிட்டால் சும்மா உட்கார்ந்திருக்கலாம். குடியை நிறுத்தும் விருப்பம் போதும். குடும்பத்தாருக்கு அல்-அனான் தனியே உண்டு. ஒன்று மட்டும்: நாள்தோறும் அளவின்றிக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். முதலில் மருத்துவர், பிறகு கூட்டம்.

2003 முதல் டாஸ்மாக் வழியாகச் சில்லறை மது விற்பனையைத் தன் கையில் வைத்திருக்கும் அரசு, கடைகளில் ‘குடி கேடு’ என்று எழுதி வைத்துக் கடமை முடிந்ததென்று இருக்கிறது. அதன் கீழே அருகிலுள்ள கூட்டத்தின் இடம், கிழமை, நேரம், 14446 என்ற இலவச உதவி எண் ஆகியவற்றையும் எழுதட்டும். பெயின்ட் செலவுதானே! அரசு மருத்துவமனைப் புறநோயாளிச் சீட்டிலும் அச்சிடலாம்.